நேரில் பதிவு இல்லை

சுகாதார நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் பேருந்து ஓட்டும் அம்மா ஒருவர் சீருடையோடு நிற்கிறார். இரண்டு காதிலும் எண்ணெய் ஊறிய பஞ்சு. குறும்பி அடைத்துக்கொண்டதில் பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்பதில்லை. காது திறக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதென்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். பாதி திறந்த கதவு வழியே, காது சுத்தம் செய்யும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நர்ஸ் சும்மா உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தடுப்புக்குள்ளிருந்து எழுத்தர் தொண்டை கிழியக் கத்துகிறார். "காது சுத்தம் பண்ண போன்லதாம்மா பதியணும். நேர்ல எழுத மாட்டோம்." சுவரில் ஒட்டிய அறிவிப்பையும் காட்டுகிறார். அம்மா அதை முழுதாகப் படிக்கிறார். "காது கேக்காதவ போன்ல என்னத்தப்பா பேசுறது?" எழுத்தர் உதட்டைப் பிதுக்குகிறார். அம்மா தன் கைபேசியை எடுத்து, அறிவிப்பில் இருக்கும் எண்ணை நிதானமாக அழுத்துகிறார். எழுத்தரின் மேசையிலேயே தொலைபேசி அலறுகிறது. பெஞ்சில் காத்திருப்பவர்கள் எல்லோரும் நிமிர்கிறார்கள். அம்மாவுக்கு அந்தச் சத்தம் எட்டவில்லை. தொலைபேசியில் விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. எழுத்தர் ரிசீவரை வெறித்துப் பார்க்கிறார், தொடவில்லை. உள்ளே நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை நிமிர்த்தி வைக்கிறார். "மெதுவா எடுப்பா," என்கிறார் அம்மா. "எடுக்கலேன்னா மறுபடி அடிப்பேன். எனக்கென்ன, சத்தம் உங்களுக்குத்தானே."