ரெஹானா கேட்ட கையெழுத்து

"ஆதார் இருக்கு, ஓட்டர் கார்டு இருக்கு. இதெல்லாம் எவன் வேணும்னாலும் அடிச்சுக் குடுப்பான். உன் தாத்தா எங்கே பொறந்தார்னு காயிதம் இருக்கா?" ஹிந்தியில் அதட்டினார் பாலசுப்ரமணியம்.

வீட்டு வேலை செய்யும் ரெஹானா பையைத் தரையில் கவிழ்த்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூச் பிஹாரின் பள்ளிச் சான்றிதழ், நிலப் பட்டா, தடுப்பூசி அட்டை எல்லாம் விழுந்தன. இன்னும் கொஞ்சம் உதறியிருந்தால் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரே விழுந்திருப்பார்.

போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் வேலை கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பங்களாதேஷ்காரி என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவள் பக்கத்துக் குடிசையில் இரண்டு பேரை அப்படி ஏற்றிப் போய் ஒரு வாரம் ஆகிறது.

"மூணு வருஷமா உங்க பாத்திரத்தைத் தேய்க்கறேன், சாப். நாலு நாளா இந்த ஒரு கையெழுத்துக்கு அலையறேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ராஜம் எட்டிப் பார்த்தாள். "எல்லை தாண்டி வந்தவாளை என்ன பண்றதுன்னு சர்க்காரே கோர்ட்டுல மல்லுக்கட்டிண்டிருக்கு. நீங்க ஹால்ல உக்காந்து தீர்ப்பு எழுதறேள். போட்டுக் குடுங்கோளேன்."

"நோக்கு ஒண்ணும் தெரியாது. அனுமதியில்லாம ஒருத்தன் வந்து உக்காந்துண்டா, முறையா வரிசையில நிக்கறவன் எங்கே போவான்? பொட்டியைத் தூக்கி வெளியில வைக்கணும். இரக்கமே பாக்கப்படாது."

"வயத்துப் பாட்டுக்கு வரவாளையுமா?"

"யாரா இருந்தா என்ன?"

விட்டால் குளிர்காலத்தில் யமுனைக்கு வரும் சைபீரியப் பறவைகளிடமும் விசா கேட்பார் மனுஷன்.

ஒருவழியாகப் பேனாவைத் திறந்தார். பெயர், வேலை, நேரம் என்று விறுவிறுவென எழுதியவர், 'வேலை கொடுப்பவரின் முகவரிச் சான்று' என்ற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"இன்னிக்குத்தான் கடைசி நாள், சாப்." ரெஹானா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. கையில் கோப்புடன் இரண்டு அதிகாரிகள். பாலசுப்ரமணியத்தின் முகத்தில் ஆயிரம் வாலா வெடித்தது.

"ஆயியே, ஆயியே. வெரிஃபிகேஷன்தானே? இதோ, இவதான்."

"இவங்க வேண்டாம்," என்றார் மூத்த அதிகாரி. "இந்த சர்க்கார் க்வார்ட்டர்ஸ் கருப்பசாமிங்கிற ஊழியருக்கு ஒதுக்கினது. வெளியாளைக் குடி வெச்சுட்டு அவர் வேற எங்கேயோ இருக்கறதா புகார். உண்மைன்னா இன்னிக்கே காலி பண்ணணும். நீங்க யாரு?"

பாலசுப்ரமணியம் வாயைத் திறந்தார். பார்லிமெண்டையே நடத்தியிருக்கக்கூடிய அந்த வாய், "முதல்ல டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டது. கருப்பசாமி மூன்று வருஷமாக இவரிடம் வாடகை வாங்கிக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் துவாரகாவில் சொந்த ஃப்ளாட்டில் சௌக்கியமாக இருந்தார். அடுக்களையில் ராஜத்தின் கரண்டி கீழே விழுந்தது.

"வீட்டுல இருக்கறவங்க ஆளுக்கொரு கதை சொல்வாங்க," என்று அதிகாரி ரெஹானா பக்கம் திரும்பினார். "வேலை செய்யறவங்க சொல்றதைத்தான் நாங்க எழுதிப்போம். நீ சொல்லும்மா, இவர் யாரு?"

ரெஹானா பாலசுப்ரமணியத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவசரமே இல்லாமல் படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்து, இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க, கருப்பசாமி சாப்."