காரைவிட்டு இறங்காதவர்

"வேண்டாம்னு சொல்லியும் கேக்காம கடல்ல வெளையாட வந்திருக்கா பாரு! போயி அவளக் கூட்டிட்டு வாட்டி!"

தூத்துக்குடிக் கடற்கரையில் காரை நிறுத்திய சௌந்தரபாண்டியன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார். கோவில்பட்டியில் பேர்போன ஜவுளிக்கடைக்காரர். மானம் போகிறதென்று ஒளிகிறார் என நினைத்தபடி மனைவி சுதாராணி மட்டும் இறங்கினாள்.

அதற்குள் காற்று எகிறியது. காற்றில் ஓடும் பாய்மரம் கட்டிய சறுக்குப் பலகையில் நின்ற மகள் சுபாஷிணியை அது ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்ற பயிற்சியாளர் படகை எடுக்க ஓடினார்.

"ஐயோ, எம்புள்ள!"

சுதாராணியின் அலறலில் சௌந்தரபாண்டியன் காரிலிருந்து பாய்ந்து வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினார்.

"ஏட்டி, பாயப் பிடிச்சிருக்க பின்கையத் தளத்து! முட்டிய மடக்கிக் குந்து! முடியலேன்னா பாயத் தண்ணியில போட்டுரு, பலகைய மட்டும் விட்டுராத!"

மகள் பின்கையைத் தளர்த்தினாள். பாயிலிருந்த காற்று வழிந்தோட, பலகை அடங்கியது. படகு போய் அவளைக் கூட்டி வந்தது.

சுதாராணிக்குப் புரியவில்லை. கடையைத் தவிர ஒன்றும் அறியாத மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

படகிலிருந்து குதித்த பயிற்சியாளர் சிரித்தார்.

"அண்ணாச்சி, பாடமெல்லாம் அப்படியே ஒப்பிக்கிறியளே! போன ஞாயித்துக்கெழம இதே காத்துல நீங்க மட்டும் ஏன் குப்புற விழுந்தீய?"

ஞாயிறுதோறும் புதியம்புத்தூருக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிறவரை, சுதாராணி ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ, வாராவாரம் ஒங்க சட்டையில பூத்திருந்த உப்பு, வேர்வை இல்லியா?"