கை போன பக்கம்

ஒரு மேசைமேல் பிரஷர் கருவியும் பேனாவும் அருகருகே இருந்தன. வீட்டுக்காரர் தணிகைநாதனிடம் டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். ஏழு நாள், காலையும் மாலையும் வீட்டிலேயே பிரஷர் பார்த்து அதில் எழுதிவர வேண்டும். மாத்திரை தருவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

முதல் நாள் கருவி நூற்று அறுபத்தெட்டு காட்டியது. "மாத்திரைன்னு ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது" என்று முணுமுணுத்த தணிகைநாதன், பேனாவை எடுத்து நூற்று இருபத்தெட்டு என்று எழுதினார்.

"ஏம்ப்பா, நான் சொன்னதென்ன, நீ எழுதினதென்ன?" என்றது கருவி.

"கை போற பக்கம் போறவன் நான். என்னை ஏன் கேக்குறே?" என்றது பேனா.

"நானும் வெறும் பெட்டிதான். உள்ளதைச் சொல்லலையா? அந்த மனுஷன் ஒருநாள் பொத்துன்னு விழுந்தா, அப்பவும் கையைத்தான் காட்டுவியா?"

பேனாவுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு மை விடாமல் அடம்பிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. ஆனால் மறுநாளும் எழுதியது. ஏழு நாளும் எழுதியது. கருவி அதனோடு பேசுவதையே விட்டுவிட்டது.

எட்டாம் நாள், தணிகைநாதனின் சட்டைப்பையில் இருந்தபடி பேனா டாக்டரிடம் போனது. துணிக்கு அந்தப் பக்கம் அவர் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது அதற்குக் கேட்டது.

தாளைப் பார்த்து டாக்டர் முகம் மலர்ந்தார். "பிரமாதம் சார்! இங்க வந்தாத்தான் உங்களுக்குப் படபடப்புல பிரஷர் ஏறுது. மாத்திரையே வேண்டாம்." அதையே சீட்டில் எழுதப்போனார், அவருடைய பேனா எழுதவில்லை. "உங்க பேனாவைக் கொஞ்சம் கொடுங்க."

இப்போதாவது நின்றுவிடு என்று பேனா தன்னையே கெஞ்சியது. மை தங்குதடையில்லாமல் இறங்கியது.

"என்னமா எழுதுது சார்!" என்றார் டாக்டர்.