வாசலிலிருந்து பிரசவ வார்டு வரை

சித்தூர் சாலையோரம், கடலை பிடுங்கிய செம்மண் நிலத்தில், வரப்போகும் மருத்துவக் கல்லூரி சுண்ணாம்புக் கோடுகளாகப் படுத்திருக்கிறது. உடற்கூறியல் துறைக்குள் இரண்டு ஆடுகள் மேய்கின்றன. வாசலை ஒட்டி ஆராய்ச்சித் துறை. அதன் கண்ணாடிச் சுவரைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் வாய்பிளக்க வேண்டும் என்பது சேர்மன் ஹரிபாபுவின் அமெரிக்க மகனுடைய யோசனை. பிரசவ வார்டு கடைசியில், புளியமரத்துக்கும் அப்பால். "வாசல்லேர்ந்து நாலு அடிதானேம்மா" என்று சேர்மன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "அப்ப நிறைமாசக்காரியா நடந்து காட்டுங்க சார்" என்று மகப்பேறு டாக்டர் பத்மினி அவர் வயிற்றில் கடலை மூட்டையைத் துண்டால் கட்டிவிட்டார். இப்போது சேர்மன் உச்சிவெயிலில் நடந்துகொண்டிருக்கிறார். சஃபாரி சட்டை முதுகோடு ஒட்டுகிறது. கைகள் தாமாகவே இடுப்பைத் தாங்குகின்றன. "மெதுவா சார், பனிக்குடம் உடைஞ்சிடப் போவுது" என்கிறார் பத்மினி, சிரிக்காமல். மருந்தியல் துறையின் நடுவில் சேர்மன் உட்கார்ந்தேவிடுகிறார். "இன்னா நைனா, அதுக்குள்ள குந்திக்கினீங்க? பாதி தூரங்கூட வரலியே" என்கிறாள், சுண்ணாம்புக் கூடையோடு பின்னால் வரும் செங்கம்மா. "அம்மோ! மார்ச்சண்டி, மாத்திடுங்க. வார்டு முன்னாடியே இருக்கட்டும்!" என்று சேர்மன் அலறுகிறார். பத்மினி கூடையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். ஆராய்ச்சித் துறையைச் செருப்புக் காலாலேயே அழிக்கிறார். அந்த இடத்தில் கட்டில் கட்டிலாக வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. விஜயபுரம் பஸ் வேகம் குறைக்கிறது. "இங்க யாரு எறங்கறது?" என்று கண்டக்டர் தலை நீட்டுகிறார். "இப்ப யாருமில்ல. வருவாங்க, நிறுத்திப் பழகிக்க!" என்று செங்கம்மா கத்துகிறாள்.