முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயின்ட்

சிஐடி அக்கா நாய்க்குட்டியைத் தரையில் இறக்கிவிட்டதும் அந்தச் சிறுமி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவருக்கு அதிலேயே பொறி தட்டியது.

எட்டு வயதுப் பிள்ளை. அடம்பிடித்துக் கேட்டதாகச் சொல்லப்பட்ட நாய்க்குட்டி. ஓடி வந்து அள்ளிக்கொள்ளாமல், ஊசி போட வந்த டாக்டரைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்?

சிஐடி அக்கா என்பது நாய்கள் காப்பகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டி கேட்பவர்களின் வீட்டுக்கு நேரில் போய், கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது இப்போது அவர் வேலை. சம்பளம் கிடையாது, அதனால் யாருடைய மூஞ்சியும் பார்க்க வேண்டியதில்லை.

டிக்கெட் எடுக்காதவர்தான் முதலில் சிரிப்பார் என்பது அவருடைய அனுபவம். சிறுமியின் அப்பா வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயின்டர். கூடத்துச் சுவர்கள் நிறம் மங்கி உரிந்து கிடந்தன. ஊரார் வீட்டையெல்லாம் பளபளப்பாக்குகிறவரின் வீடு அப்படித்தான் இருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் சமையலறைக் கதவுக்கு மட்டும் புதுப் பெயின்ட், அதுவும் முழங்கால் உயரத்துக்கு. அதற்கு மேலே பழையது.

கேட்டதற்கு, டப்பாவில் மிச்சம் இருந்தது, வீணாக்க வேண்டாமே என்று அடித்தேன் என்றார் பெயின்டர். மழைக்காலத்தில் கதவு ஊறிவிடுகிறது என்றும் சொன்னார். ஒரு கேள்விக்கு இரண்டு பதில்.

சிறுமியின் அம்மா சமையலறை வாசலில் நின்று ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சிஐடி அக்கா விண்ணப்பத்தைப் புரட்டினார். இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறவருக்கு எதற்குக் கோடு?

குட்டியும் சரியில்லை. புது வீட்டுக்கு வந்த குட்டி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு மூலை மூலையாக மோந்து பார்க்கும். பாதிக் குட்டிகள் முதல் வேலையாகத் தரையை நனைக்கும். இது எதையும் மோந்து பார்க்கவில்லை. நேரே போய்ச் சிறுமியின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துவிட்டது.

சிறுமி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். அவளுடைய கால்விரல்கள் மடங்கி இறுகின.

இந்த வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்திருக்கிறது என்று சிஐடி அக்கா முடிவு கட்டினார். அதை என்ன செய்தார்கள்? பிள்ளை இப்படி விறைத்துப்போகும்படி என்ன நடந்தது? ஏற்கெனவே ஒருமுறை தெருவைப் பார்த்துவிட்ட குட்டி இது. இன்னொரு முறை தாங்காது.

விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்து மூடினார். சங்கிலியை எடுத்துக் குட்டியின் கழுத்துப் பட்டையில் மாட்டினார். கிளம்புகிற சாக்கில், நாய் என்றால் அவ்வளவு பயமா என்று சிறுமியைக் கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"பயமெல்லாம் இல்ல ஆன்ட்டி. நான் தொட்டா இது மேல ஏறி நக்கும். எங்க குட்டிதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். தொலைச்சவங்களுக்குத் திரும்பக் குடுக்க மாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு."

சொல்லிவிட்டுக் கைகளை உருவிக்கொண்டாள். அவ்வளவுதான், குட்டி அவள் மடியில் பாய்ந்தது. கண், மூக்கு, காது என்று ஓர் இடம் பாக்கியில்லை. விசும்புவது பிள்ளையா குட்டியா என்று தெரியாதபடி இரண்டும் கட்டிப் புரண்டன.

மீதியையும் அவளே கொட்டினாள். சமையலறைக் கதவைப் பிராண்டியது இதுதானாம், அந்தத் தடத்தை மறைக்கத்தான் புதுப் பெயின்டாம். ஒருநாள் வாசலைத் திறந்து வைத்திருந்தபோது ஓடிப்போய் வழி தவறிவிட்டதாம். நாற்பது நாள் அப்பா தெருத் தெருவாகத் தேடினாராம். காப்பகம் வெளியிட்ட படத்தில் அடையாளம் கண்டுபிடித்ததும் அப்பாதானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை பெருமை.

பெயின்டர் இப்போது சிரிக்கவில்லை.

சிஐடி அக்கா கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்தார். குட்டியை மீட்டவர்கள் எழுதிய குறிப்பு. காப்பகத்துக்கு வெளியே யாருக்கும் காட்டாத பக்கம்.

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கின் பின்புறம். தண்ணீர்க் குழாயில் கயிற்றால் கட்டிய நிலையில். இரண்டு முடிச்சு. பக்கத்தில், கழுவிய பெயின்ட் டப்பா நிறையத் தண்ணீர்.

வழி தவறிய குட்டி தன்னைத் தானே கட்டிப் போட்டுக்கொள்ளாது.

அவர் நிமிர்ந்தார். பெயின்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குத் தெரியாமல் தலையை மட்டும், சொல்ல வேண்டாம் என்பதுபோல, மெல்ல அசைத்தார்.

சிஐடி அக்காவுக்குக் கோபத்தில் காது சூடானது. தண்ணீர் வைக்கத் தோன்றிய ஆளுக்கு அவிழ்த்துக் கூட்டிவரத் தோன்றவில்லையா? தோன்றியிருக்கிறது, நாற்பது நாள் கழித்து. விட்டுப்போனவருக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. ஆனால் இந்தப் பிள்ளை எதையும் விட்டுவிட்டு வரவில்லையே.

சங்கிலியைச் சிறுமியின் கையில் கொடுத்தார்.

"இதை வெளிய கூட்டிட்டுப் போறது நீ மட்டும்தான், கண்ணு. அப்பா கூடாது. ஏன்னு அவரே சொல்லட்டும். சொன்னப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்."

அம்மாவின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

பெயின்டர் வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.