பனையடி

பேசாலையில் பிற்பகல் வெயில் முற்றத்துப் பாயில் காயும் கருவாட்டின் மேல் விழுகிறது. முப்பது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்திருக்கும் கவிஞன் கொன்ஸ்ரன்ரைன், கதிரையில் அமர்ந்து, தன் புத்தகத்தைப் பார்த்து ஜேர்மன் கவிதை ஒன்றை அண்ணிக்குத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்டு, பதினெட்டு வருடமாகத் திரும்பாத அண்ணன் சவிரியானைப் பற்றிய கவிதை அது. ஜேர்மனியில் கொன்ஸ்ரன்ரைனுக்குப் பரிசும் பெயரும் வாங்கிக்கொடுத்தது அதுதான். அண்ணி திரேசம்மா காகம் விரட்டும் தடியை மடியில் வைத்தபடி கேட்கிறாள். "அண்ணனைப் பனையடியில் புதைத்தோம்" என்று அவன் சொன்னதும் தடி மணலில் விழுகிறது. "எந்தப் பனையடி, தம்பி?" அவள் எழுந்துவிடுகிறாள். "உங்களுக்கு ஆரும் ஏதும் சொன்னவையோ?" "இல்லை அண்ணி. அது நானா நினைச்சு எழுதினது." அவளுடைய கை கழுத்துத் தாலியைத் தேடிப் பிடிக்கிறது. காகம் ஒன்று பாயில் இறங்கி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவள் தடியை எடுத்துக்கொண்டு மீண்டும் அமர்கிறாள். "அப்ப அந்த வரியை விட்டிட்டு மிச்சத்தை வாசியுங்கோ." கொன்ஸ்ரன்ரைன் பக்கத்தைப் பார்க்கிறான். மிச்சமுள்ள வரிகளெல்லாம் அந்தப் பனையடிக் குழியைப் பற்றியவை.