மூன்று நாடு சுற்றிய படம்

நாற்பத்தொரு மணி நேரமாக மாடி வீட்டுக்காரர்தான் கீழ் வீட்டுக்குக் காவல். சாப்பிட மட்டும் மேலே போய் வந்தார். கல் பட்டு உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டினார். வாசலில் வந்து கத்தியவர்களைப் பேசித் திருப்பி அனுப்பினார்.

கீழ் வீட்டுக்காரர் தேர்தல் அலுவலர். ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் காலை, அவர் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வீட்டுக்குள் தூக்கிப் போகும் படம் எங்கும் பரவிவிட்டது. 'ஓட்டுப் பெட்டி வீட்டுக்கே வந்தாச்சு' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

பெட்டிக்குள் இருந்தது பழுது பார்த்து வாங்கி வந்த தையல் மெஷின். கடைக்காரர் சொல்லியும் யாரும் நம்பவில்லை. அலுவலரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாளைக்கு விசாரணை.

"மூணு நாட்டுல சொல்றாங்களே, பொய்யா இருக்குமான்னு என் ஆபீஸ்லயே கேக்குறாங்க சார்" என்றார் அலுவலர். படத்தை மறுபடி பார்த்தார். "என் வழுக்கை இவ்வளவு பெருசுன்னு இதைப் பார்த்துதான் தெரிஞ்சுது."

மகள் சிரிக்கவில்லை. கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நம்ம டிவி இதை ஒரு வெளிநாட்டுச் சேனல்லேர்ந்து எடுத்திருக்குப்பா. அந்தச் சேனல் இன்னொரு நாட்டு வீடியோக்காரன்கிட்டேர்ந்து. அவன் மொழிபெயர்க்கும்போது கடைசில இருந்த சிரிப்புப் பொம்மையை விட்டுட்டான். அவனுக்குக் குடுத்தது, இங்கேர்ந்து அங்க போய் இருக்குற யாரோ."

"அப்போ யாரோ விளையாட்டுக்குப் போட்டது."

"ஆமா. எடுத்தவங்க வந்து அதைச் சொல்லிட்டா போதும். உங்க வேலை தப்பிச்சுடும்."

"எல்லாம் வெளிநாட்டுச் சதிம்மா" என்றார் மாடி வீட்டுக்காரர். "தேடித் தேடி உன் கண்ணுதான் கெடும். விட்டுடு."

"சரி மாமா, இன்னிக்காவது டீ குடிங்க. ரெண்டு நாளா எங்க வீட்டுல பச்சைத் தண்ணி கூடத் தொடல நீங்க."

"வேணாம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. அவள் கேட்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அவர் எழுந்தார். "நாளைக்கு நானும் துணைக்கு வரேன் சார். வாசல்லயே நிக்கிறேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை அலுவலர் காத்திருந்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வாசல்ல வேணாம் சார். உள்ள வந்து, மாடியிலேர்ந்து படம் எடுத்தது நீங்கதான்னு சொல்லிடுங்க."